கலயத்தில் தடவிய சுண்ணாம்பு: தென்காசி வட்டாரத்தில் போதைச் சட்டங்களும் பெண்களும்

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய அரசியல் சண்டைக்கு நூறு வயது ஆகிவிட்டது. இந்த நூறு ஆண்டுகளில் கடையை மூடச் சொன்னவர்கள் பெண்களின் கண்ணீரைக் காரணம் காட்டினார்கள். திறக்கச் சொன்னவர்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திட்டம் போட வருமானம் வேண்டாமா என்று கேட்டார்கள். மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், தாலிகள் அறுபடும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. மூன்று தரப்புக்கும் பெண்தான் காரணம். சட்டத்தை எழுதிய மேசையில் மட்டும் அவளுக்கு இடம் இருந்ததில்லை.

போதைப் பொருளைப் பற்றிய சட்டம் மாறும்போதெல்லாம் பெண்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் வரலாறு வேறு மாதிரி தெரியும். அப்படிக் கேட்பதற்குத் தென்காசி, குற்றாலம் பகுதி நல்ல இடம். கிழக்கே பனைகள், ஊருக்கு ஊர் பீடி சுற்றும் பெண்கள், மேற்கே மலையைத் தாண்டினால் வேறு சட்டம் நடக்கும் கேரளம், நடுவில், ஆண்டுதோறும் சாரல் காலத்தில் ஊரே நிரம்பி வழியும் குற்றாலம். கள், புகையிலை, டாஸ்மாக் மது என்ற மூன்று பொருள்களும் இங்கே பெண்களின் வாழ்க்கையைத் தொட்டே போகின்றன.

விடிலியின் நெருப்பு

மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இராஜாஜியின் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த சட்டம் அது. மது வரியால் வந்த வருமானம் போய்விடும் என்பதால், அந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. பிறகு ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் விரிந்தது. திருநெல்வேலி மாவட்டமும், அன்று அதன் பகுதியாக இருந்த தென்காசியும் குற்றாலமும் அதற்குள் வந்தன.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இங்கே தலைவர்களின் தியாகத்துக்குப் போய்விடுவார்கள். நாம் பனைமரத்தடிக்குப் போவோம்.

பனையேறுவது ஆணின் வேலை. ஒரு நாளில் பலமுறை மரமேறி, பாளையைச் சீவி, கலயம் கட்டி, ஊறியதை இறக்கிவருவான். அதன் பிறகு நடப்பது அத்தனையும் பெரும்பாலும் பெண்ணின் வேலை. பதனீரை வடிகட்டுவது, காய்ந்த ஓலையும் சுள்ளியும் சேர்ப்பது, விடிலியின் வெக்கையில் மணிக்கணக்காக நின்று காய்ச்சுவது, பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பது, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பது. கருப்பட்டிப் பானையில் கொஞ்சம் அசந்தால் அன்றைய உழைப்பு அடிப்பிடித்துப் போகும். பனைத்தொழிலை ஆண்களின் வீரத்தொழிலாக மட்டும் பேசும் வழக்கம் நமக்கு இருக்கிறது. மரத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்பின் சூடு தெரிவதில்லை.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஊறுவது புளிக்காது, அது பதனீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவரும் ஒருவரே. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவே நின்றது அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான். அந்த விரலளவைச் சோதிக்கும் அதிகாரம் காவலரிடம் போனது. சுண்ணாம்பு போதவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் கலயம் உடையும். ஏறியவர் மீது வழக்கு வரும். அவர் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நாளில் பாளை சீவப்படாது, பதனீர் வராது, விடிலியில் நெருப்பு இருக்காது. கருப்பட்டிக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி மட்டும் தவறாமல் வருவார். சட்டத்தின் வாசகத்தில் எங்கும் பெண் இல்லை. அதன் தண்டனையில் பாதி அவளுக்கு.

இதைச் சொல்வது கள்ளுக்கு வக்காலத்து வாங்க அல்ல. கள்ளால் அடி வாங்கிய பெண்களும் அதே பனங்காட்டில்தான் இருந்தார்கள். ஒரே பெண் காலையில் பதனீர் காய்ச்சி, இரவில் குடித்த கணவனிடம் அடிபட்டிருக்கவும் கூடும். அவளிடம் ‘மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா?’ என்று மட்டும் கேட்டால், அவள் சொல்லக்கூடியதில் பாதிக்கு அந்தக் கேள்வியில் இடமில்லை.

1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னின்றார்கள். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டுப் பெண்கள் இருவரின் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக அந்த வரலாறு சொல்லப்படுகிறது. பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் மறியல் நடத்தப் பெண்களை அழைத்த இயக்கம், 1937இல் ஆட்சிக்கு வந்து சட்டம் எழுதியபோது பனையடியில் நின்ற பெண்ணின் அடுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. அன்று தன் தோப்பின் தென்னைகளையே வெட்டிய பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்து எழுதினார். ஆண் தலைவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொண்டால் அது சிந்தனை வளர்ச்சியாகப் பதிவாகிறது. நாகம்மையும் கண்ணம்மாளும் நினைவுகூரப்படுவதோ பெரும்பாலும் இத்தகைய போராட்டங்களின் வழியாகத்தான்.

மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை சில கிலோமீட்டர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. மதராஸ் சட்டசபை 1948இல் விரித்த சட்டம் தென்காசிச் சந்தையில் செல்லும். அடுத்த ஊரான செங்கோட்டையில் செல்லாது. மொழிவாரி மாநிலப் பிரிப்பில் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் கோடு மேற்கே நகர்ந்து புளியரைக்கு அப்பால் போனது. கோடு நகர்ந்ததே தவிர, மறையவில்லை.

இன்று அந்தக் கோட்டின் இருபுறமும் பாருங்கள். ஆரியங்காவுப் பக்கம் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. லாட்டரிச் சீட்டை அரசே 1967 முதல் விற்கிறது. புளியரைப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. லாட்டரி விற்றாலும் வழக்கு. ஆனால் பிராந்தியை அரசே கடை வைத்து விற்கிறது. தமிழ்நாடு லாட்டரி விற்பனையைத் தடை செய்தது 2003 ஜனவரியில். ஏழைக் குடும்பங்கள் அழிகின்றன, பெண்கள் கதறுகிறார்கள் என்பது அன்று சொன்ன நியாயம். அதே 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு. பெண்களின் கதறல் ஜனவரியில் ஒரு சட்டத்துக்குக் காரணமாக இருந்தது, நவம்பரில் இல்லை.

கேரளத்திலும் இந்தச் சண்டை ஓயவில்லை. 2014இல் காங்கிரஸ் கூட்டணி அரசு ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்த்த மதுக்கூடங்களை மூட முடிவெடுத்தது. 2017இல் இடதுசாரிக் கூட்டணி அரசு அதைத் தளர்த்தியது. எது குற்றம், எது வியாபாரம் என்பது பொருளின் தன்மையால் மட்டும் முடிவாவதில்லை என்பதற்கு எல்லையோர ஊர்களைவிட நல்ல பாடம் கிடையாது. ஆளும் கட்சி, கருவூலத்தின் தேவை, அந்தப் பொருளை யார் உற்பத்தி செய்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. பனையேறி இறக்குவது ஒரு பக்கம் குற்றமாகவும், ஆலையில் வடிப்பது இரு பக்கமும் தொழிலாகவும் இருக்கிறது.

திறந்தும் மூடியும்

1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டுமே ஒன்றிய அரசு இழப்பீடு தரும், ஏற்கெனவே கடைப்பிடிக்கும் மாநிலத்துக்குத் தராது என்பது அரசு சொன்ன காரணம். முதுமையில் இருந்த இராஜாஜி முதல்வரின் வீட்டுக்கே சென்று வேண்டிக்கொண்டும் முடிவு மாறவில்லை. 1939இல் மது வருமானத்துக்குப் பதிலாக வந்த விற்பனை வரியோ அப்படியே இருந்தது. மக்கள் இரண்டையும் கட்டத் தொடங்கினார்கள்.

1972இல் தி.மு.க.விலிருந்து பிரிந்த எம்.ஜி.ஆர். மதுவிலக்கைத் தன் கொடிகளில் ஒன்றாக்கினார். ‘தாய்க்குலம்’ என்ற சொல் மேடைக்கு மேடை ஒலித்தது. 1974இல் கருணாநிதி அரசே கடைகளை மீண்டும் மூடியது. 1977இல் ஆட்சிக்கு வந்த எம்.ஜி.ஆர். முதலில் கடுமை காட்டினார். 1981இல் அவரே கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவைத் திறந்தார். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாக வந்தது. 1983இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் மீண்டும் தடையாயின. ‘இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது’ என்ற விசித்திரப் பெயர் கொண்ட ஆலை மது தொடர்ந்தது. பனைக் கள்ளுக்கு இன்றுவரை அந்தத் தடைதான். 1991இல் முதல்வரான ஜெயலலிதா மலிவு விலை மதுவை நிறுத்தினார். 2003இல் சில்லறைக் கடைகளை அரசுடைமையாக்கியதும் அவர் ஆட்சியே. 2016இல் மறுபடி பதவியேற்றதும் 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார்.

இந்தத் திறப்பு மூடல்களுக்கு நடுவே 1982இல் வந்த ஒரு சட்டத்தை நாம் தனியாகப் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் ‘குண்டர் சட்டம்’ என்கிறோம். அதன் முழுப்பெயரில் முதலில் வருபவர் குண்டர் அல்ல, கள்ளச்சாராயக்காரர். அன்று அடுத்து வந்தவர் போதைப்பொருள் குற்றவாளி. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கும் அதிகாரத்தை அது தந்தது. மதுவை அரசு விற்கலாம் என்று ஆன அடுத்த ஆண்டே, அரசல்லாதவர் விற்பதற்கு இத்தனை கடுமையான தண்டனை. போதையைத் தடுப்பதும் வியாபாரத்தைக் காப்பதும் ஒரே சட்டத்துக்குள் கலந்துவிட்டன. கள்ளச்சாராய வழக்குகளில் சிக்கியவர்களில், கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ பாக்கெட் விற்றுப் பிழைத்த பெண்களும் உண்டு. ‘தாய்க்குலம்’ என்ற சொல் அவர்களைத் தொடவில்லை.

வரவு செலவையும் பார்த்துவிடுவோம். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு ஆயத்தீர்வையாகவும் விற்பனை வரியாகவும் வந்தது சுமார் 45,800 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை அப்போது சுமார் 1 கோடியே 6 இலட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தரப்பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 12,700 கோடி. உரிமைத்தொகை நம் உரிமைதான். அதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் ‘கடையை மூடினால் உங்கள் ஆயிரம் எங்கிருந்து வரும்?’ என்று யாராவது கேட்டால், அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் நம் வீடுகளின் வழியாகவே போயிருக்கிறது என்று சொல்லலாம்.

சொளகில் இருக்கும் புகையிலை

வீட்டின் வழியாகப் போகும் அந்தப் பணத்தை இங்கே யார் சம்பாதிக்கிறார்கள்? தென்காசி, கடையம், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், திண்ணையிலோ வாசல்படியிலோ மடியில் சொளகோடு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கடையில் கொடுத்தால் கூலி. சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்தப் பீடிக்குக் கூலி இல்லை. ஆண்டு முழுதும் வேலை கிடைக்காத கூலிக்காரர் வீடுகளில், பள்ளிக்கூடச் செலவும் மளிகைக் கடனும் இந்தச் சொளகை நம்பித்தான் இருக்கின்றன.

புகையிலை உடலுக்குக் கேடு. சுற்றுகிறவளின் நெஞ்சுக்குள்ளும் அந்தத் தூள் போகிறது. 2003இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2017இல் பீடிக்குப் போட்ட 28 விழுக்காடு சரக்கு சேவை வரியும் பொதுநலத்தின் பெயரில் நியாயப்படுத்தப்பட்டவை. அந்த வரி மாற்றத்தோடு, பீடித் தொழிலாளர் நலநிதிக்காக 1976 முதல் வசூலித்த தனித் தீர்வை நின்றது. மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் ஒதுக்கப்பட்டிருந்த வருமான வழி அது. வரி ஏறினால் ஆலை முதலில் குறைப்பது வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதையே. மாற்றுத் தொழிலைப் பற்றிய பேச்சு கருத்தரங்கோடு முடிந்துபோகிறது.

1948இல் விடிலியில் நடந்ததே 2017இல் திண்ணையில் நடந்தது. போதைப் பொருளைக் கட்டுப்படுத்தும் சட்டம், அதைத் தயாரிக்கும் பெண்ணைத் தொழிலாளியாகப் பார்க்க மறந்தது. மதுவில் அவள் பாதிக்கப்பட்டவள், புகையிலையில் அவள் குற்றத்துக்குத் துணை. இரண்டு இடத்திலும் அவளுடைய கூலி பேச்சில் வருவதில்லை.

பெண்கள் தெருவுக்கு வந்த கோடை

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. சாலை விபத்துச் சாவுகளே அதற்குக் காரணம். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. உடனே அவற்றை ஊருக்குள், குடியிருப்புகளுக்கு நடுவே திறக்கும் முயற்சி தொடங்கியது. ஆண்களின் உயிரைச் சாலையில் காக்க வந்த தீர்ப்பு, பெண்களின் வாசலுக்குக் கடையைக் கொண்டுவந்தது.

அந்தக் கோடையில் மாநிலம் முழுவதும் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள், பூட்டுப் போட்டார்கள், பாட்டில்களைத் தெருவில் உடைத்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. கட்சிக்காரர்கள் அதை மதுவிலக்குக் கோரிக்கையாகப் பேசினார்கள். அந்தப் பெண்கள் கேட்டது இன்னும் துல்லியமானது: இந்தத் தெருவில் வேண்டாம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் வேண்டாம், எங்களைக் கேட்காமல் திறக்காதே. ஊரின் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள்.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் 1992இல் எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது பேரியக்கமாகி, 1995இல் முழு மதுவிலக்காகி, 1997இல் அரசால் கைவிடப்பட்டது. பீகாரில் 2016இல் பெண்களின் கோரிக்கை என்று சொல்லி வந்த மதுவிலக்கில், சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வழக்குச் செலவைச் சுமந்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். அமெரிக்காவில் 1874இல் தொடங்கிய பெண்கள் மதுவிலக்குச் சங்கம் 1920இல் சட்டத்தை வென்றது. 1929இல் இன்னொரு பெண்கள் அமைப்பு, பாலின் சபின் தலைமையில், அதே சட்டத்தை நீக்கப் போராடியது. கள்ளக் கடத்தலும் வன்முறையும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது அவர்களின் வாதம். பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள் என்ற நம்பிக்கை எந்த நாட்டிலும் உண்மையாக இருந்ததில்லை.

குடியை ஒழித்தால் வீட்டு வன்முறை ஒழியும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மது அருந்துவதாகச் சொன்ன ஆண்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்களோ நூற்றுக்கு 38 பேர். குடி அடியைக் கூட்டுகிறது. அதை அனுபவத்தில் அறிவோம். ஆனால் குடிக்காமல் அடிக்கிறவனுக்கு எந்த மதுவிலக்கும் பொருந்தாது. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி மேடைகளில் ஏன் இத்தனை மௌனம்? மதுவைக் குற்றவாளியாக்கினால் ஆணைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பெண் குடிப்பாள் என்பதை ஏற்க மனமில்லாத நம் அரசியலில் அந்தச் சாவுகளுக்குத் தனிப் பேச்சு எழவில்லை. சட்டசபை உடனே தண்டனையைக் கூட்டியது. அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது. பெண்கள் பெருந்திரளாக வந்தார்கள். மாநாட்டை ஒட்டி எழுந்த விவாதமோ கூட்டணி நிலைக்குமா என்பதைச் சுற்றியே நடந்தது.

அருவிக்கரையில் யாருடைய நேரம்

குற்றாலப் பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. குளிக்க வரும் பெண்ணுக்கு அந்தத் தடுப்புக் கம்பி வரைதான் பாதுகாப்பு. உடை மாற்றும் அறைக்கு நடக்கும் வழி, வண்டி நிறுத்துமிடம், ஐந்தருவிச் சாலை, இரவில் விடுதிக்குத் திரும்பும் நேரம் எல்லாவற்றையும் அவள் யோசித்தே முடிவு செய்ய வேண்டும். குடித்துவிட்டு அருவிக்கு வருகிறவர்களை விலக்குவது சீசன் காவலின் வழக்கமான வேலையாகிவிட்டது. வெளியூர்ப் பெண்ணுக்கு இது இரண்டு நாள் சங்கடம். அங்கே பழமும் பஜ்ஜியும் விற்கும், விடுதி அறைகளைக் கூட்டிப் பெருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு அது மூன்று மாத வேலைச்சூழல். பாட்டிலையும் வாந்தியையும் அள்ளுவது அவள் கைதான். சீசன் வருமானம் பற்றிய எந்தக் கணக்கிலும் அந்தக் கூலி வராது.

பள்ளியிலிருந்து நகர்ப்புறத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று மதுக்கடைக்கு விதி இருக்கிறது. பெண்கள் வேலை முடித்து நடந்து வரும் பாதையிலிருந்து எத்தனை மீட்டர் என்று விதி இல்லை. பீடிக்கடையிலிருந்து எத்தனை மீட்டர் என்றும் இல்லை. வாரக்கூலி வாங்கிய பெண் வீடு வந்து சேரும் முன் அந்தப் பணத்தைப் பறிக்க யார் எங்கே காத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். விதி எழுதியவருக்குத் தெரியாது.

முழு மதுவிலக்கா, படிப்படியா, கள்ளுக்கு அனுமதியா என்று இனியும் தேர்தலுக்குத் தேர்தல் கேட்பார்கள். நாம் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எந்தப் பதிலோடும் சில கேள்விகளைச் சேர்த்து வைக்கலாம். கடை எங்கே என்பதை அந்தத் தெருப் பெண்கள் முடிவு செய்வார்களா? கள் இறக்க அனுமதி வந்தால் உரிமம் யார் பெயரில், கருப்பட்டி காய்ச்சுகிறவளுக்கு என்ன பங்கு? பீடி நின்றால் அடுத்த வாரக் கூலி எங்கிருந்து? மது வருமானத்தில் குடிநோய் சிகிச்சைக்கும், அடிபட்டு வெளியேறும் பெண்ணின் தங்குமிடத்துக்கும் தாலுகா அளவில் எவ்வளவு? கைதானவன் வீட்டுப் பெண்ணுக்கு வழக்கறிஞர் யார் தருவார்? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், சொளகை மடியிலிருந்து இறக்காமலேயே இவற்றைக் கேட்கலாம்.